செம்புத் தொட்டியும் நீ மொழிபெயர்த்த பொய்யும்

கதிர்,

நேற்று மாலை கல்யாணப் பத்திரிகைக் கட்டைப் பிரித்ததும் முதல் பத்திரிகையை எடுத்துத் தனியே வைத்து, "இது சூ லோக்குக்கு, நானே நேர்ல போய்க் குடுக்கிறேன்" என்றாய். உன் அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். நான் சமையலறைக்குள் போய்க் கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினேன். நீ பின்னாலேயே வந்து, "ஏம்மா, அவரால வர முடியாதுன்னு பாக்கறியா? நாற்காலியோட தூக்கிட்டு வந்துருவேன்" என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு வரவில்லை. நீ அந்தப் பத்திரிகையோடு அவர் வீட்டு வாசலில் நிற்பதற்கு முன் இதை என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதினால் பாதிதான் ஒப்புக்கொண்டதாக இருக்கும். டோங் டு தெருவில் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் ஞாயிறுதோறும் சாப்பிடக் கூடும் நம் ஆட்களிடமும் நான் இதே பொய்யைச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் "பாவம், குடிதான் கெடுத்துருச்சு" என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த தோசைக்குச் சொன்னார்கள். அதனால் நம்மவர்கள் நடத்தும் மாத இதழுக்கும் இதன் ஒரு படி போகிறது. நீ படித்த பிறகுதான் அவர்கள் படிப்பார்கள்.

சின்ன வயதில் உன் பள்ளியில் யாராவது கேட்டால், "எங்கம்மா செம்பு எடுக்கறாங்க" என்பாய். நான் தலையில் விளக்கோடு சுரங்கத்துக்குள் இறங்குகிறேன் என்று உன் வகுப்பே நம்பியிருந்தது. நான் இறங்கியதெல்லாம் இங்கே வியட்நாமில், பின் யுவோங்கில் ஒரு தகரக் கொட்டகைக்குள்தான். சர்க்யூட் போர்டு செய்யும் ஆலைகள் வேண்டாத செம்பை அமிலத்தில் கரைத்துக் கழிக்கும். அந்தப் பச்சை அமிலம் லாரியில் எங்களிடம் வரும். அதைத் தொட்டியில் விட்டுப் பழைய இரும்புத் துண்டுகளைக் கூடை கூடையாக இறக்குவோம். இரும்பு கரைந்து உள்ளே போகும். கரைந்திருந்த செம்பு வெளியே வந்து செந்நிறச் சேறாகப் படியும். அதை வழித்து, கழுவி, காயவைத்து உருக்கு உலைக்கு விற்போம். ஒரு உலோகத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிற வேலை. அலுவலகத்துக்கு வருகிற விருந்தாளிகளுக்கு நான் இதை விளக்கும்போது, "இரும்பு தன்னைக் கொடுத்துச் செம்பை மீட்கிறது" என்று அழகாகச் சொல்வேன். இரும்பை இறக்குகிறவன் எதைக் கொடுக்கிறான் என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. சேலத்தில் உன் தாத்தா கொலுசுப் பட்டறைகளின் அழுக்கு வெள்ளியை வாங்கிச் சுத்தம் செய்கிறவர். எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே அது நடக்கும். வெள்ளியை அமிலத்தில் கரைப்பார். செந்நிறப் புகை எழும்பும். அப்போது பிள்ளைகளை உள்ளே போகச் சொல்வார். கூலிக்கு வந்தவர்களைச் சொல்லமாட்டார். கரைந்ததும் செம்புத் தகட்டைத் தொங்கவிடுவார். தகட்டின்மேல் வெள்ளி சாம்பல் நிறப் பாசிபோல வளரும், தண்ணீர் நீலமாகும். வெள்ளியை வழித்துக்கொண்டு அந்த நீலத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் கவிழ்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் சண்டைக்கு வந்தபோது, "வெள்ளி எனக்கு, நீலம் ஊருக்கு. பங்கு சரியாத்தானே இருக்கு?" என்று சிரித்தார். தெருவே சிரித்தது. இப்படிப்பட்ட ஆளாக இருக்கமாட்டேன் என்றுதான் உலோகவியல் படித்தேன். படித்து முடித்து, கடல் தாண்டி வந்து, அதே வேலையை முகமூடியும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பெரிய தொட்டியில் செய்தேன்.

சூ லோக்கைப் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? என்னைவிட உனக்குத்தான் அவரைத் தெரியும். ஆறு வயதில் இந்த ஊருக்கு வந்து, பேச ஆளில்லாமல் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை நீ. விடுமுறையில் உன்னை விட்டுவிட்டு வர இடமில்லாமல் ஆலைக்கு அழைத்துவந்தபோது, தொட்டியில் இரும்பு இறக்கும் வேலையிலிருந்த அவர்தான் சாப்பாட்டு வேளையில் உன்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். உன் வியட்நாம் மொழி அந்த வீட்டில் வந்தது. மோட்டார் பைக் ஓட்டப் பழகியது ஆலைக்குப் பின்னாலுள்ள காலித் தெருவில், அவர் பின்னால் ஓடி ஓடி வர. அவர் மனைவி மாய், தான் வண்டியில் விற்கும் பான் மி ரொட்டியை உனக்கு மட்டும் மிளகாய் போடாமல் கட்டித் தருவாள். "சித்தப்பா" என்று நாம் சொல்வதைத்தான் இங்கே "சூ" என்கிறார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீ.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் வந்த லாரி வழக்கமானதல்ல. வேறொரு உருக்காலையின் புகைத்தூசியை அமிலத்தில் கரைத்த நீர் அது. செம்பு நிறைய இருந்தது. இந்த மாதிரிச் சரக்கில் ஆர்சனிக் இருக்கக்கூடும். அமிலத்தில் இரும்பு விழுந்தால் செம்பு மட்டும் வராது, ஹைட்ரஜனும் கிளம்பும். ஆர்சனிக் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு வாயுவாக வெளியேறும். நிறம் கிடையாது. லேசாகப் பூண்டு வாசனை அடிக்கும். ரத்த அணுக்களை உடைத்துச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். சோதித்துப் பார்க்காமல் இந்த வகைச் சரக்கைத் தொட்டிக்கு அனுப்பக்கூடாது என்று ஆலையில் விதி இருந்தது. அந்த விதியை எழுதியது நான். சோதனை முடிய அரைநாள் ஆகும். வாசலில் வேறு லாரிகள் நின்றன. மேலாளர் வந்து, "மேடம், கலர் பாத்தாலே தெரியுது. இதுக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்றார். நான் அவரோடு சண்டை போட்டேன் என்று உனக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது. போடவில்லை. எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மாதிரியை ஒரு குப்பியில் எடுத்து வைத்துக்கொண்டு, அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

மழை பலமாகப் பிடித்ததால் கொட்டகையின் பக்கத் தார்ப்பாய்களை இறக்கியிருந்தார்கள். காற்றே இல்லை. சற்று நேரத்தில் லோக் சோதனைக்கூடத்துச் சன்னலைத் தட்டினார். "சி," என்றார். அக்கா என்று எல்லோரும் என்னை அழைப்பது போலத்தான். "காண்டீன்ல இன்னிக்குப் பூண்டு வதக்கறாங்களா? வேலை ஓட மாட்டேங்குது, பசி எடுக்குது" என்று சிரித்தார். என்னுடைய வியட்நாம் மொழி சந்தையில் காய்கறி வாங்குமளவுக்குத்தான். ஆனால் பூண்டு என்ற சொல் சந்தைச் சொல்தானே, கதிர். எனக்குப் புரிந்தது. காண்டீனில்தான் வதக்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்ள முடிவுசெய்தேன். ஆமாம், முடிவுசெய்தேன். "போங்க லோக், வேலையப் பாருங்க" என்றேன். அவர் போனார். அந்தத் தொட்டியருகே அன்று தனியாக இரும்புக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

மதியத்துக்குப் பிறகு குளிரில் நடுங்குகிறார், வயிறு வலிக்கிறது என்று யாரோ அவரை பைக்கில் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பொழுது சாய்வதற்குள் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போகிறதென்று மாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள். மறுநாள் காலை அந்தக் குப்பியை எடுத்துச் சோதித்தேன். ஆர்சனிக் இருந்தது. மேலாளரிடம் சொன்னேன். "கையெழுத்து உங்களுது" என்றார். பிறகு மிக மரியாதையாக, "குடும்பத்துகிட்ட யாராவது பேசணும் மேடம். கம்பெனி இன்டர்ப்ரெட்டர அனுப்பட்டுமா?" என்று கேட்டார். நான்தான், "வேண்டாம். என் பையன் பேசுவான்" என்றேன். அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். கம்பெனி ஆள் வந்து சொன்னால் மாய் சந்தேகப்படுவாள், நீ சொன்னால் நம்புவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இதை "எனக்குத் தோன்றவில்லை" என்று எழுதினால் அது அடுத்த பொய்.

ஆஸ்பத்திரி நடைவழியில் மாய் உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது உனக்கு நினைவிருக்கும். "தொட்டியிலேருந்து எதாவது வந்துச்சா? டாக்டர் என்ன சுவாசிச்சாருன்னு கேக்கறாரு." நீ என் பக்கம் திரும்பினாய். நான் தமிழில் சொன்னேன்: "தொட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லு. அதுல வர்றது வெறும் ஹைட்ரஜன், ஒண்ணும் பண்ணாது. அவரு குடிக்கிற நாட்டுச் சாராயத்துல எதாவது கலந்திருக்கும், அதத்தான் டாக்டர்கிட்ட சொல்லணும்னு சொல்லு." நீ கொஞ்சம் தயங்கி, "இப்படியேவா சொல்றதும்மா? அவங்க மனசு கஷ்டப்படும்" என்றாய். "பக்குவமாச் சொல்லு" என்றேன். நீ பக்குவமாகத்தான் சொன்னாய். அவளருகே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஏதேதோ ஆறுதலும் சேர்த்துச் சொன்னாய். எனக்குச் சொற்கள் பாதிதான் புரிந்தன. அவள் முகம் கோபத்திலிருந்து வெட்கத்துக்கு இறங்கியது நன்றாகப் புரிந்தது. அவள் தலையை ஆட்டினாள். உள்ளே போய் டாக்டரிடம் அதையே சொன்னாள். பிறகு விசாரிக்க வந்த அதிகாரியிடமும் அதையே சொன்னாள். உண்மை தெரிந்திருந்தால் அன்றே வேறு வைத்தியம் செய்திருப்பார்கள். சிறுநீரகம் முழுதாகத் தப்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தப்பியிருக்காது என்று என்னால் சொல்ல முடியாது. இன்று வாரத்தில் பாதி நாள் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கட்டிக் கிடக்கிறார். வேலையில் வந்த நோயில்லை, குடியில் வந்தது என்பதால் ஒரு உதவித்தொகையும் கிடையாது. மாயின் பான் மி வண்டிதான் அந்த இயந்திரத்துக்குத் தீனி போடுகிறது.

இத்தனை மாதம் எப்படிச் சும்மா இருந்தாய் என்று கேட்பாய். சும்மா இருப்பது கஷ்டமே இல்லை, அதுதான் இதில் அருவருப்பு. எங்கள் கூட்டத்தில் அதற்கான பேச்சு தயாராக இருக்கிறது. இந்த ஊர் ஆட்கள் இப்படித்தான், குடிப்பார்கள், கையுறை கொடுத்தால் போடமாட்டார்கள், நாம் என்ன செய்ய முடியும். சேலத்தில் கூலிக்காரர்களைப் பற்றிப் பேசியதும் இதே பேச்சுத்தான், சாதியை மட்டும் கூடச் சேர்த்துக்கொள்வார்கள். உலகத்தில் எல்லா ஊரிலும் தொட்டியருகே நிற்கிறவன் குடிகாரன், சன்னலுக்கு உள்ளே இருக்கிறவள் மேடம். இதையெல்லாம் இளவயதில் மேடையேறிப் பேசியவள் நான். மேடைப் பேச்சு என் கையெழுத்தைத் தடுக்கவில்லை.

என்னை அசைத்தது போன மாதம் நீ கட்டிக்கொள்ளப்போகும் லானின் வீட்டில் நடந்த பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் சிவப்புத் துணி மூடிய தட்டுகளோடு பெண் வீட்டுக்குப் போகும்போது முன்னால் ஒரு பெரியவர் போக வேண்டும் என்றார்கள். சேலத்திலிருந்து யாரும் வரப்போவதில்லை. நீ உடனே, "எங்க சூ லோக் போவாரு" என்றாய். லானின் அப்பா நாற்காலி ஆலையில் மரத்தூளைச் சுவாசித்தே முடி நரைத்தவர். அவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "குடிச்சுக் குடிச்சு உடம்பக் கெடுத்துக்கிட்ட ஆளா? எங்க தெருவெல்லாம் தெரியும் தம்பி. அவரா முன்னாடி வரணும்?" என்றார். நான் சொன்ன பொய் ஒரு தொழிலாளி வீட்டிலிருந்து இன்னொரு தொழிலாளி வீட்டுக்கு நடந்தே போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் சொன்னதையும் நீ என்ன பதில் சொன்னாய் என்பதையும் லான் எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் மெதுவாக எடுத்துச் சொன்னாள். "அவரு செஞ்சது தப்புதான், மாமா. ஆனா ஒரு தப்புக்காக மனுஷன ஒதுக்கிற முடியுமா?" நீ அவருக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாய். அவர் செய்யாத தப்புக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி மிட்டாய் தின்றுகொண்டிருந்தேன்.

போன வாரம் மாயின் வண்டிக்குப் போனேன். தனியாக. உன்னையும் கூப்பிடவில்லை, வேறு யாரையும் கூப்பிடவில்லை. வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று தமிழில் நீள நீளமாக வாக்கியங்கள் கட்டினேன். வந்த சூழ்நிலை, மேலாளரின் நெருக்கடி, என் பயம். அவள் முன்னால் நின்றதும் அதில் ஒன்றுக்கும் என்னிடம் வியட்நாம் சொல் இல்லை. "தோய் நொய் யோய்" என்றேன். நான் பொய் சொன்னேன். "தொட்டி. விஷ வாயு. சாராயம் இல்லை. எனக்குத் தெரியும்." அவ்வளவுதான் எனக்கு வந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு சரியாக நான் எதையும் சொன்னதில்லை. மாய் ரொட்டியைப் பிளந்துகொண்டிருந்தவள் பிளந்து முடித்தாள், உள்ளே வைக்கவேண்டியதை வைத்தாள், நின்ற வாடிக்கையாளருக்குக் கொடுத்தாள், மீதிச் சில்லறையும் கொடுத்தாள். பிறகு நான் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நீங்க சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன், சி. கதிர் சொன்னான்."

பிறகு, "அவரு இன்னிக்கும் ஏங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாரு. குடிச்சேன், குடும்பத்தக் கெடுத்தேன்னு. நான் அவரத் திட்டுனதெல்லாம் இப்ப எங்க போய்க் கொட்டுவேன்?" என்றாள். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வண்டிய மறைக்காதீங்க, ஆளுங்க வர்றாங்க" என்றாள்.

அன்றே லோக்கையும் பார்த்தேன். அவர் மெத்தையில் ஒருக்களித்துக் கிடந்தார். மாய் முன்னால் போய்ச் சொல்லிவிட்டிருந்தாள். ஆலையைப் பற்றி, பூண்டு வாசனையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: "கதிருக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் சொன்னானா?" இல்லை என்றேன். "நெசமா?" என்றார். என் வார்த்தைக்கு இனி அந்த வீட்டில் என்ன மதிப்பு? மறுபடி இல்லை என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை அந்தக் குப்பியோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு நடுத்தர வயது அதிகாரி. ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். குப்பியில் இருப்பது அன்றைய சரக்குத்தான் என்பதைக் கம்பெனி ஒப்புக்கொள்ளாது என்றார். குடும்பமே குடி என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறது; ஏன் அப்படிக் கொடுத்தார்கள் என்பது தெளிவானால்தான் மறுபடி விசாரணையைத் திறக்க முடியும். "அந்தம்மாகிட்ட குடின்னு சொன்னது யாரு?" என்றார். நான்தான் என்றேன். "எந்த மொழியில?" தமிழில் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "பான் மி விக்கிற அம்மாவுக்குத் தமிழ் தெரியுமா?" அந்தப் பெண்ணும் சிரித்தாள். உன் பெயரை நான் சொல்லவில்லை. சிரிப்பு அடங்கியதும் அவர் என்னையே பார்த்தார். "வியாழக்கிழமை காலைல வாங்க. எடுத்துச் சொன்ன ஆளையும் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா இதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

உன் அப்பாவுக்குத் தெரியும். "கல்யாணம் முடியட்டும், ரெண்டு மூணு வாரம்தானே. இந்தப் பேச்சு பொண்ணு வீட்டுக்குப் போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தியா? அவன் பேரு அங்க பதிவாகணுமா?" என்கிறார். அவர் கெட்டவரில்லை, உன்மேல் உயிர். ஆனால் வியாழக்கிழமை போகாவிட்டால் கல்யாணத்துக்குப் பிறகு இன்னொரு காரணம் வரும். எனக்கு வேலை போய்விட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேற்று மதியமே கணக்கு முடித்துவிட்டார்கள். விசா எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. உன் கல்யாணத்தில் நான் இருப்பேன், மணமகன் வீட்டாரிலேயே கடைசி வரிசையில்.

நீ குடும்பம் நடத்தப்போகிறாய், அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் நல்ல பேச்சை யாருக்கும் இரவல் கொடுக்காதே, பெற்றவள் கேட்டாலும். லானுக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில், எனக்கும் லானுக்கும் நடுவில், இனி நீதான் இரண்டு பக்கமும் பேசவேண்டியிருக்கும். சொல்லச் சொன்னது உண்மையா என்று முதலில் கேள். "பக்குவமாச் சொல்லு" என்று யாராவது சொன்னால் கட்டாயம் கேள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் அங்கே இருப்பேன். நீ வர வேண்டும் என்று எழுத எனக்கு உரிமையில்லை. நீ வராவிட்டால் உன் பெயரைச் சொல்வேனா என்று இதை எழுதும் இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியவில்லை; சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்தவளாவேன், சொல்லாவிட்டால் லோக்கை இரண்டாம் தடவை கைவிட்டவளாவேன். இரண்டில் ஒன்றை நான்தான் சுமக்க வேண்டும், அதை உன்மேல் போடவில்லை. ஒருவேளை நீ வந்தால், என் பக்கத்தில் உட்காராதே. நான் சொல்வதை எடுத்துச் சொல்லவும் வேண்டாம், அதற்கு அங்கே ஆள் இருக்கிறது. அன்று நடைவழியில் உன் காதில் விழுந்தது என்ன, நீ அவளிடம் சொன்னது என்ன என்பதை மட்டும், உன் வாயால், அவர்கள் மொழியில் சொல். என்னைக் காப்பாற்ற ஒரு சொல் கூடச் சேர்க்காதே.

அம்மா